லெட்வில் மலையில் ஒற்றை கியர்

தென்னிந்தியாவிலேயே மிக உயரமான சிகரம் ஆனைமுடி, 2,695 மீட்டர். அதன் உச்சியில் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் சொல்லப்போகிற ஊரின் கடைத்தெரு, உங்கள் தலைக்கு மேலே இன்னும் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊரின் பெயர் லெட்வில். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைகளுக்கு நடுவே 3,094 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிற்றூர். ரேஷன் கடையைப்போல மூச்சை அளந்து கொடுக்கிற ஊர் இது. கடற்கரையில் நமக்குக் கிடைக்கிற ஆக்ஸிஜனில் இங்கே ஏறக்குறைய எழுபது சதவீதம்தான். தங்குமிடத்தின் மாடிப்படி ஏறினாலே நின்று மூச்சு வாங்கவேண்டும். ஆகஸ்ட் மாதத்திலும் விடியற்காலையில் கைவிரல் மரத்துப்போகும். பத்து மணிக்கெல்லாம் வெயில் தோலை உரிக்கும்.

ஹாரிசன் அவென்யூ என்பது ஊரின் பெரிய தெரு. இருபுறமும் பழைய செங்கல் கட்டடங்கள். அவற்றுள் ஒன்று 1879இல் கட்டிய டேபர் ஆப்பரா ஹவுஸ். கட்டியவர் ஹொரஸ் டேபர், மளிகைக்கடை வைத்திருந்தவர். வெள்ளிச் சுரங்கம் அவரைக் கோடீஸ்வரராக்கியது. 1882இல் ஆஸ்கர் வைல்ட் இங்கே வந்து சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கலையழகு பற்றிப் பேசியிருக்கிறார். பேச்சை விட்டுவிட்டு அந்த முகங்களைப் பார்த்திருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. 1893இல் வெள்ளி விலை சரிந்தது, டேபரும் சரிந்தார். அவருடைய மனைவி பேபி டோ, மேட்ச்லெஸ் சுரங்கத்தின் வாசலில் ஒரு மரக்குடிசையில் வறுமையில் காலம் தள்ளி, 1935இல் குளிரில் உறைந்து இறந்துகிடந்தார். குடிசை இன்றும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

வெள்ளிக்குப் பிறகு ஊரைக் காப்பாற்றியது மாலிப்டினம் என்ற உலோகம். எஃகை உறுதியாக்கச் சேர்ப்பது. பக்கத்து மலைக்கணவாயில் இருக்கும் கிளைமாக்ஸ் சுரங்கம்தான் ஒருகாலத்தில் உலகத்துக்கே அதை வழங்கிக்கொண்டிருந்தது. 1980களின் தொடக்கத்தில் அதுவும் மூடப்பட்டது; மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போயிற்று. வேலையிழந்தவர்களில் ஒருவர் கென் க்ளோபர். வெளியூர்க்காரன் ஒரு இரவாவது தங்கினால்தான் ஊர்க் கடைகள் பிழைக்கும், தங்கவைக்க என்ன வழி என்று யோசித்தார். 1983இல் நூறு மைல் ஓட்டப்பந்தயம் ஒன்றை அறிவித்தார். இந்த உயரத்தில் நூறு மைல் ஓடினால் ஆள் செத்துப்போவான் என்று மருத்துவமனை நிர்வாகி எச்சரித்தாராம். அப்படியானால் ஊர் பிரபலமாகிவிடும் அல்லவா என்று இவர் கேட்டதாக அங்கே இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அந்த ஓட்டத்தில் 1993இல் வென்றவர் மெக்சிகோவின் தாராஹுமாரா பழங்குடியைச் சேர்ந்த விக்டோரியானோ சுர்ரோ. வயது 55. காலில் டயர் செருப்பு. மறு ஆண்டு, 1994இல், அதே மலைகளில் சைக்கிள் பந்தயமும் தொடங்கியது. லெட்வில் டிரெயில் 100 என்று பெயர். அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

தூரம் நூறு மைலுக்குச் சற்று மேல், அதாவது 165 கிலோமீட்டர் அளவில். பாதி தூரம் போய், போன வழியே திரும்பவேண்டும். ஏறவேண்டிய மொத்த உயரம் ஏறக்குறைய 3,500 மீட்டர். பாதை பெரும்பாலும் மண்ணும் சரளையும். 12 மணி நேரத்துக்குள் முடித்தால் இடுப்புப் பட்டைக்கு ஒரு வெள்ளி பக்கிள் தருவார்கள், 9 மணி நேரத்துக்குள் என்றால் பெரிய பக்கிள். ஆயிரத்து ஐந்நூறு பேருக்குமேல் கிளம்புகிறார்கள். அதில் ஒரு சிறு கூட்டத்துக்குத் தனிப் பிரிவு உண்டு: ஒற்றை கியர் சைக்கிள்காரர்கள். நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன்.

ஒற்றை கியர் என்றதும் உங்களில் பலர் சிரிப்பீர்கள். நாம் பால் வாங்கப் போனதும் பள்ளிக்கூடம் போனதும் அதில்தானே. சரிதான். ஆனால் நம் சைக்கிளின் கியர் சமதளத்துக்கென்று அமைத்தது. மேம்பாலம் வந்தால் இறங்கித் தள்ளிவிடுவோம். மலைப் பந்தயத்துக்கு அதைவிட இலகுவாக வைக்கவேண்டும். என்னுடையதில் முன்னால் 34 பல், பின்னால் 20 பல், சக்கரம் 29 அங்குலம். பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி நாலு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நகரும். செங்குத்தான ஏற்றத்தில் மணிக்கு ஆறு கிலோமீட்டர் போகிறோம் என்றால், நிமிடத்துக்கு 25 மிதி. ஒவ்வொரு மிதியிலும் எழுந்து நின்று உடம்பு எடை முழுவதையும் இறக்கவேண்டும். பக்கத்தில் போகிறவரின் வண்டியில் பின்னால் 50 பல் வரை இருக்கும். அதே வேகத்தை அவர் உட்கார்ந்தபடியே நிமிடத்துக்கு எழுபது மிதியாகப் பிரித்துக்கொள்வார்.

இதில் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒரு சங்கடம் இருக்கிறது. ஒற்றை கியரால் மெதுவாகப் போக முடியாது. ஏற்றத்தில் வேகம் குறைந்தால் பெடல் நின்றுவிடும், வண்டி சாய்ந்துவிடும். ஆகவே கியர் வைத்திருப்பவர்களைவிட வேகமாக ஏறியாகவேண்டும், இல்லாவிட்டால் இறங்கி நடக்கவேண்டும். நடுவழி கிடையாது. சமதளத்திலோ நேர்மாறு: கால் எவ்வளவு சுழன்றாலும் வண்டி இருபதைத் தாண்டி இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் போகும், மற்றவர்கள் அணிவகுத்து முப்பத்தைந்தில் பறப்பார்கள். மேட்டில் நாம் முந்திய அதே ஆட்கள் சமதளத்தில் நம்மை முந்துவார்கள். நாள் முழுக்க யாரோடும் சேர்ந்து போக வாய்ப்பில்லை.

காலை ஆறரைக்கு க்ளோபர் துப்பாக்கியை வானத்தை நோக்கிச் சுட்டார். ஆறாம் தெருவும் ஹாரிசன் அவென்யூவும் சந்திக்கும் முனையிலிருந்து தார்ச்சாலை கீழே இறங்குகிறது. இறக்கத்தில் எல்லோரும் சமம், குளிர் மட்டும் கன்னத்தை அறுக்கும். பிறகு மண்பாதை, முதல் ஏற்றம், செயின்ட் கெவின்ஸ். சுரங்கக்காரர்கள் போட்ட வழி. அதில் நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் டயரோடு டயர் ஒட்டி ஊர்கின்றன. எனக்கு முன்னால் ஒரு பெண்மணி மிக இலகுவான கியரில் நிதானமாக ஏறிக்கொண்டிருந்தார். அந்த நிதானத்தை என் வண்டி அனுமதிக்காது. இடது பக்கம் சரளையில் ஒரு கோடு கிடைத்தது, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஏறினேன். வளைவில் அதுவும் அடைபட்டது. இறங்கினேன், தள்ளினேன், மறுபடி ஏறினேன். பந்தயம் தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

அடுத்து டர்க்காய்ஸ் ஏரி. மலைகளுக்கிடையில் பெரிய நீலப்பரப்பு. கரையை ஒட்டிய தார்ச்சாலையில் குளிரக் குளிர இறங்குகிறோம். அங்கிருந்து ஹேகர்மன் கணவாய்ச் சாலை. அந்தப் பக்கத்து மலையெல்லாம் பழைய ரயில்பாதைக்காகச் சீராக வெட்டிய சரிவுகள். ஒற்றை கியருக்கு அன்று வாய்த்த நல்ல ஏற்றம் இதுதான். ஷுகர்லோஃப் மேட்டைக் கடந்து, மின்கம்பிகளுக்குக் கீழே ஓடுகிற ஒரு பள்ளச் சரிவில் இறங்குகிறோம். பெயர் பவர்லைன். மழைநீர் அறுத்த ஆழமான வாய்க்கால்கள். அதில் சக்கரம் மாட்டினால் தலைகுப்புறத்தான். இறங்கும்போதே எல்லோர் மனத்திலும் ஒரே எண்ணம்: சாயங்காலம் இதே வழியாக ஏறவேண்டும்.

அதன்பின் வெகுதூரம் ஆர்கன்சா ஆற்றின் மேல் பள்ளத்தாக்கு. கண்ணுக்கு எட்டிய வரை மஞ்சள் புல்லும் செடிப்புதரும், மேற்கே எல்பர்ட் சிகரம், ராக்கி மலைத்தொடரிலேயே உயரமானது, 4,400 மீட்டர். அழகான இடம். எனக்கோ அது அவமானப்படும் இடம். தையல் மெஷின் மிதிப்பதுபோலக் கால் சுற்றிக்கொண்டிருக்க, இருபது முப்பது பேர் கொண்ட அணிகள் ஒன்றன்பின் ஒன்றாக என்னைக் கடந்தன. காலையில் மேட்டில் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்ட ஒருவர் இப்போது கையசைத்துவிட்டுப் போனார்.

ட்வின் லேக்ஸ் அணைக்கட்டு. திருவிழாக் கூட்டம். கரை முழுக்கக் கூடாரங்கள், மாட்டுமணி ஓசை, சூப், தர்பூசணி, உப்புப் போட்ட உருளைக்கிழங்கு. இங்கிருந்துதான் கொலம்பைன் ஏற்றம். 13 கிலோமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏறி, பழைய சுரங்கம் ஒன்றிருந்த இடத்தில், 3,800 மீட்டர் அளவில் முடிகிறது. கீழ்ப்பாதி நல்ல காட்டுப்பாதை. பைன், ஆஸ்பென் நிழல். ஏறிக்கொண்டிருக்கும்போதே முன்னணி வீரர்கள் எதிரே அம்புபோலப் பாய்ந்து வருவார்கள், ஒதுங்கவேண்டும். 2015இல் ஆஸ்திரியாவின் ஆல்பன் லகாட்டா இந்தப் பாதை முழுவதையும் முதன்முறையாக ஆறு மணி நேரத்துக்குள் முடித்தார். நான் கொலம்பைன் உச்சியை நெருங்கும் நேரத்தில் அந்த ரக ஆட்கள் ஊருக்குத் திரும்பிக் குளித்துவிட்டிருப்பார்கள்.

மரங்கள் நின்றுபோகிற இடத்தில் எல்லாம் மாறுகிறது. பாதை ஆட்டுத்தடமாகிக் கல்லும் பொடியுமாகச் செங்குத்தாக நிமிர்கிறது. இனிக் காற்றும் இல்லை. அங்கே நான் கண்டது, மேலே முகடு வரை ஒரே வரிசையாக, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிற மனிதர்கள். பத்தாயிரம் டாலர் கார்பன் வண்டியும் நடக்கிறது, என் வண்டியும் நடக்கிறது. ஐம்பது பல் சக்கரம் இருந்தும் மிதிக்க மூச்சு இல்லை. காலையிலிருந்து முதல்தடவையாக மற்றவர்கள் வேகமும் என் வேகமும் ஒன்றாயின. பக்கத்தில் நடந்தவர் என் பின்சக்கரத்தைப் பார்த்து, கியர் பிடுங்கிப்போய்விட்டதா என்று கேட்டார். இருப்பதே இது ஒன்றுதான் என்றேன். தன் கியர்களைத் தூக்கிக்கொண்டு நடப்பதைவிட அது மேல் என்றார். உண்மைதான், இறங்கித் தள்ளும்போது என்னுடையது எடை குறைவு. அதன் சட்டம் குரோமொலி எஃகு, அதாவது குரோமியமும் மாலிப்டினமும் கலந்தது. மாலிப்டினத்தை அது பிறந்த மலைக்கே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாய் என்று அவர் சொன்னபோது இருவருக்கும் சிரிக்க மூச்சில்லை.

உச்சியைத் தொட்டுத் திரும்பும் வழியில் மேகம் திரண்டது. ராக்கி மலையில் கோடைப் பிற்பகல் என்றால் இடிதான். மரமில்லாத முகட்டில் நின்று அதை வேடிக்கை பார்க்கக்கூடாது. கீழே இறங்கியபின் சிறு மழை பிடித்தது, பள்ளத்தாக்கில் எதிர்க்காற்று. அந்த மந்தமான கிலோமீட்டர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கால்கள் இருந்தன, சுற்றின.

பிறகு பவர்லைன். நூற்று இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய பிறகு வருகிறது. அடிவாரத்துச் சரிவு இருபது சதவீதத்துக்கும் மேல். ஒற்றை கியருக்கு அதில் பேச்சே இல்லை. ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்து, முதுகை வளைத்து, இருபது அடி, நிற்பது, இருபது அடி, நிற்பது. தலைக்கு மேலே கம்பிகளின் ரீங்காரம். இந்த மேட்டின் சூது என்னவென்றால், உச்சி என்று நினைத்து ஏறினால் பின்னால் இன்னொன்று இருக்கும், அதற்குப் பின்னால் இன்னொன்று. சரிவு சற்றே தணிகிற இடங்களில் நான் ஏறி மிதித்தேன், மற்றவர்கள் நடந்துகொண்டேயிருந்தார்கள். காலையில் சாபமாக இருந்த அந்தக் கட்டாய வேகம் இங்கே வரமாகியது: மெதுவாக மிதிக்கலாமே என்ற ஆசைக்கு என் வண்டியில் இடமே இல்லை. மிதித்த இடமெல்லாம் சீக்கிரம் முடிந்தது, நடந்த இடமெல்லாம் ஓய்வாகியது. ஒற்றை கியரை இவ்வளவு பேர் ஏன் விரும்பி எடுத்துவருகிறார்கள் என்று எனக்கு விளங்கியது அங்கேதான். கெட்டுப்போகப் பொருளில்லை, பழுதாகாது என்று அவர்கள் சொல்கிற காரணமெல்லாம் இரண்டாம் பட்சம்.

ஏரிக்கரைத் தார்ச்சாலையில் மறுபடி ஒரு நீண்ட ஏற்றம், கெவின்ஸ் இறக்கம், பிறகு ஊருக்குள் நுழையுமுன் பூலவார்ட் என்கிற சரளை மேடு. பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள். அது முடிந்தால் ஆறாம் தெரு, தொலைவில் சிவப்புக் கம்பளம். பன்னிரண்டு மணி நேரக் கெடுவுக்குச் சற்று முன்னால் அதன்மேல் ஏறினேன். மறுநாள் காலை பரிசளிப்பில் பக்கிளும், முந்திய இரவே பெயரும் நேரமும் அச்சிட்ட கம்பளிச் சட்டையும் கொடுத்தார்கள்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில செய்திகள். பந்தயம் ஆகஸ்டில் நடக்கிறது. இடம் பெரும்பாலும் குலுக்கல் முறையில்தான் கிடைக்கும். டென்வரிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆகும். உடம்பு காற்றுக்குப் பழக முடிந்தவரை முன்னதாகவே போய்விடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். சைக்கிள் ஓட்டாதவர்களும் போகலாம். பிற்பகல் இரண்டு மணிவாக்கில் பவர்லைன் சரிவில் போய் நில்லுங்கள். உள்ளூர்க்காரர்கள் குடையும் நாற்காலியும் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், உங்களுக்கும் இடம் தருவார்கள். போகும்போது கோக் டப்பாக்கள் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் வேறெதுவும் கேட்பதில்லை.