எழுத்தில் கேளுங்கள்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் அமர்வில் ஆற்றிய உரை)



விழா மேடையில் பெருமை பேசுவது மரபு. எனக்கு முன் பேசியவர்கள் அதனை நிறைவாகவே செய்துவிட்டார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ஆசிரியர் ஆயினர் என்பதை நம் ஆண்டறிக்கைகள் கூறுகின்றன. ஆசிரியராகிப் பள்ளிக்குள் நுழைந்தபின் அவர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்பதை எந்த ஆண்டறிக்கையும் கூறுவதில்லை. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

வெளிநாட்டில் உயர்கல்வி கற்றுத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர் 1917இல் பரோடா சமஸ்தானத்தில் பணி ஏற்றார். அலுவலக ஏவலர்கள் கோப்புகளை அவர் கையில் கொடுக்கவில்லை. எட்ட நின்று மேசைமீது வீசினார்கள். மறு ஆண்டு பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியரானார். ஆசிரியர் அறையில் இருந்த தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று உடன் பணியாற்றியவர்கள் தடுத்தார்கள். படிப்பு உயர்ந்தால் இழிவு தானே நீங்கும் என்று நம்புகின்ற இளைஞர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்றைய தலைமையாசிரியரோ தாளாளரோ நம்மவரைத் ‘தள்ளி நில்’ என்று சொல்வதில்லை. காலம் மாறியிருக்கிறது, முறையும் மாறியிருக்கிறது. பொதுத் தேர்வு வகுப்புகள் எப்போதும் வேறொருவருக்கே போகும். நம்மவருக்குக் கிடைக்கும் ஓய்வுப் பாடவேளையில் வராத ஆசிரியரின் வகுப்பு வந்து விழும். தற்செயல் விடுப்புக் கேட்டால் வாயளவில் மறுப்பார்கள். எடுத்துவிட்டால் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை பாயும். ஊதிய உயர்வுப் பட்டியல் மேசையிலேயே உறங்கும். மகள் திருமணத்துக்காகச் சேமநல நிதியில் முன்பணம் கேட்ட விண்ணப்பம், திருமணம் முடிந்து மறுவீடும் ஆன பிறகு கருவூலத்துக்குப் போகும். ஆசிரியர் கூட்டத்தில், யாரையும் பெயர் சொல்லாமல், ‘கோட்டாவில் வந்தவர்களிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்’ என்று ஒரு சொல் உதிரும். கேட்டவர்கள் சிரிப்பார்கள், நம்மவர் தலை குனிவார்.

இவற்றில் ஒவ்வொன்றும் தனித்து நோக்கினால் சிறியது. ‘நிர்வாக வசதி’ என்னும் இரண்டு சொற்களில் அனைத்தையும் மூடிவிடலாம். இத்தனைக்கும் எழுத்துச் சான்று ஏதும் இல்லை என்பதே இதில் கவனிக்க வேண்டிய செய்தி. மறுத்ததும் வாய்மொழி; ஏவியதும் வாய்மொழி; இழித்ததும் வாய்மொழி. எழுத்தில் இல்லாத ஒன்றுக்கு எவரும் பொறுப்பாளி ஆவதில்லை.

முறையிடலாமே என்பீர்கள். அரசு ஊழியர் மேலிடத்துக்கு எழுதும் மனு ‘உரிய வழியாக’ச் செல்ல வேண்டும் என்பது விதி. தலைமையாசிரியர்மீது தரும் மனுவைத் தலைமையாசிரியரிடமே கொடுத்து மேலே அனுப்பச் சொல்ல வேண்டும்! பூனையின் கையில் மணியைக் கொடுத்து நீயே கட்டிக்கொள் என்பது போன்றது இது. இதற்கும் வழி இருக்கிறது. மனுவின் முன்நகலை விருதுநகரில் உள்ள முதன்மைக் கல்வி அலுவலருக்கு நேரே அனுப்பி, மனுவிலேயே ‘முன்நகல் அனுப்பப்பட்டுள்ளது’ என்று குறிப்பிட்டுவிடலாம். அதன்பின் மனு மேசை அறைக்குள் மறைவது அத்தனை எளிதன்று.

சட்டம் துணை நில்லாதா என்று கேட்கலாம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு குழந்தையை உடலாலோ மனத்தாலோ துன்புறுத்தக்கூடாது என்கிறது. நல்ல பிரிவு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஆசிரியரை அவருடைய மேலவர் நாள்தோறும் மனத்தால் துன்புறுத்துவதைத் தடுக்கவென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நமக்கு இருக்கும் பெரிய அரண். ஆயினும் அதில் சாதி இழிவுக்கான பிரிவுகள் செல்ல வேண்டுமானால், இழிவுபடுத்தியது பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் நிகழ்ந்திருக்க வேண்டும். திருச்சி மாவட்டத்து வருவாய் ஆய்வாளர் ஒருவர், தம் அலுவலகத்திலேயே தம்மைச் சாதி சொல்லி ஏசினார்கள் என்று 2021இல் தந்த புகார் உச்சநீதிமன்றம் வரை சென்றது. ஏசிய வேளையில் அங்கே பிறர் இல்லை, சக ஊழியர்கள் பின்னரே வந்தார்கள் என்ற காரணத்தால் அவ்வழக்கை 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தலைமையாசிரியர் தம் அறைக் கதவைச் சாத்திவிட்டு ஏன் பேசுகிறார் என்பது இப்போது விளங்கும். தனியே அழைத்தால் உடன் ஓர் ஆசிரியரை அழைத்துச் செல்லுங்கள் என்று நான் கூறுவதும் இதனால்தான்.

இதற்கு மாறாக ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டாரத்துத் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளிக்கு அருந்ததியர் சமூகத்துச் சத்துணவுச் சமையலர் ஒருவர் மாற்றலாகி வந்தார். அவர் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் உண்ணக்கூடாது என்று ஆதிக்க சாதியினர் எதிர்த்தார்கள். அதிகாரிகள் எதிர்த்தவர்களை அடக்கவில்லை; அந்த அம்மையாரை மாற்றினார்கள். ஆனால் மாற்றல், ஆணையாக எழுதப்பட்டிருந்தது. எழுதிய ஆணையை எதிர்த்துப் போராட முடிந்தது. சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. வன்கொடுமை வழக்கும் பதிவாகி, 2025 நவம்பரில் ஆறு பேருக்கு ஈராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஏழாண்டுகள் அந்த அம்மையார் தளராமல் நின்றார். தண்டனை பெற்றவர்கள் ஊரார். மாற்றல் ஆணையில் கையொப்பமிட்டவர் அந்த அறுவரில் இல்லை. பொறுப்பேற்க வைக்கும் போராட்டம் நாற்காலியின் அருகே சென்றதும் நின்றுவிடுகிறது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களின் நிலையை இளைஞர்கள் அறிய வேண்டும். ஒரு காலத்தில் தாளாளர் ‘நாளை முதல் வர வேண்டாம்’ என்றால் மறுநாள் முதல் வேலை இல்லை. ஆசிரியர் சங்கங்கள் நெடுங்காலம் போராடிய பின்னரே 1973ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கல்வித்துறையின் முன் ஒப்புதல் இன்றிப் பணிநீக்கம் கூடாது. தற்காலிகப் பணிநீக்கம் இரண்டு மாதங்களுக்கு மேல் நீளக்கூடாது, காரணம் காட்டினால் மேலும் இரண்டு மாதங்கள் என்றெல்லாம் அது வரம்பு கட்டியது. தாளாளரின் வாய்ச்சொல்லைத் தாளுக்கு இழுத்து வந்த சட்டம் என்றே நான் அதனைக் கூறுவேன். அதன் இடத்தில் 2018இல் இயற்றிய புதிய சட்டம் 2023 முதல் நடைமுறையில் உள்ளது.

அரசுப் பள்ளியில் இருப்போர் ‘செவன்டீன் பி’ என்ற பெயரைக் கேட்டாலே நடுங்குகிறார்கள். அரசு முத்திரையில் இருப்பது நம்மூர்க் கோபுரம்தான் என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களாகிய நாம் பெருமை கொள்கிறோம்; அம்முத்திரையோடு ஒரு தாள் வந்தால் மட்டும் கை நடுங்குகிறது. நடுங்க வேண்டாம். 17(ஆ) குறிப்பாணையில் குற்றச்சாட்டு எழுத்தில் இருக்க வேண்டும். சான்றுகளும் சாட்சிகளும் குறிக்கப்பட வேண்டும். விசாரணை நடக்க வேண்டும். விசாரணை அறிக்கையின் நகலைத் தந்து பதிலைப் பெறாமல் தண்டிக்கக்கூடாது என்று உச்சநீதிமன்றம் 1993இலேயே கூறிவிட்டது. வாய்மொழி இழிவைவிட இந்தத் தாள் நமக்கு நல்லது; தாளுக்குப் பதில் எழுதலாம். வாங்க மறுக்காதீர்கள், மறுப்பதே தனிக் குற்றமாகிவிடும். நாளிட்டுக் கையொப்பமிட்டு வாங்குங்கள். கெடு முடியும் முன் பதில் கொடுங்கள். பதிலில் கோபம் வேண்டாம். நாளும் நேரமும் நிகழ்ச்சியும் இருக்கட்டும்.

வாய்மொழி ஆணைக்கும் இதே மருந்துதான். ‘இன்று காலை தாங்கள் வாய்மொழியாகக் கூறியபடி இன்ன வேலையைச் செய்தேன்’ என்று அன்று மாலையே ஒரு கடிதம் கொடுத்து நகலில் ஒப்புகை பெறுங்கள். ஒப்புகை தர மறுத்தால் விரைவஞ்சலில் அனுப்பிச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவேட்டின் நகல் வேண்டுமா? 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். உயர்நீதிமன்றம் செல்ல நேர்ந்தால் முன்போல் 500 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. 2004 ஜூலை முதல் மதுரையிலேயே கிளை இருக்கிறது.

நாங்குநேரியில் 2023இல் பள்ளி மாணவர் ஒருவரை உடன் பயின்றவர்களே வெட்டிய கொடுமைக்குப் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அப்பகுதியில் தலைமையாசிரியராகவும் கல்வி அதிகாரியாகவும் அமர்த்த வேண்டாம் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. நாற்காலிக்கும் சாதிக்கும் உள்ள உறவை அரசு நியமித்த ஒரு குழுவே ஒப்புக்கொண்டது என்ற அளவில் நான் அதனை வரவேற்கிறேன்.

கசப்பான ஒன்றையும் கூற வேண்டும். நம்மவரும் இன்று தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுள் சிலர் துப்புரவுப் பணியாளரை எப்படி விளிக்கிறார்கள், சத்துணவு அமைப்பாளரை எத்தனை நேரம் வாயிலில் நிறுத்துகிறார்கள், நம்முள்ளேயே இன்னொரு பிரிவைச் சேர்ந்த இளைய ஆசிரியரிடம் எந்தக் குரலில் பேசுகிறார்கள் என்பதை நாம் அறிவோம். அவர்கள்மீது வரும் மனுவையும் இக்கழகம் ஏற்று விசாரிக்குமா என்று சென்ற மாதம் ஓர் இளைஞர் என்னைக் கேட்டார். ஏற்க வேண்டும் என்றே விடை கூறினேன்; செயற்குழுவிலும் அதையே வற்புறுத்துவேன்.

இந்த ஆண்டு முதல் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலையில் வழக்கறிஞர் ஒருவரும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும், கருவூலப் பணி அறிந்த ஒருவரும் நம் கழக அலுவலகத்தில் அமர ஏற்பாடு செய்யும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். வருபவர்கள் மூலத் தாள்களை வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டு நகல்களை மட்டும் கொண்டுவர வேண்டும். பெண் ஆசிரியர்கள் தனியே பேச ஓர் அறை ஒதுக்க வேண்டும். யார் வந்தார்கள் என்பது வெளியே போகக்கூடாது.