ஒரு பக்கத்தில் எத்தனை சொற்கள்?
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக' என்று வினாத்தாளில் கேட்கிறோம். பெரிய எழுத்தாக எழுதும் மாணவி 70 சொற்களில் பக்கத்தை நிரப்பிவிடுகிறாள். பொடி எழுத்துக்காரன் அதே பக்கத்தில் 150 சொற்கள் எழுதுகிறான். இருவரின் உழைப்பையும் பக்கக் கணக்கில் அளப்பது நியாயமா? சொற்களை மதிப்பிடும் பழக்கம் நமக்கும் வேண்டும், பிள்ளைகளுக்கும் வேண்டும்.

வழி எளியது. பாடநூலில் ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். முதலில் எண்ணாமல் ஊகிக்கட்டும். ஊகங்களைக் கரும்பலகையில் எழுதிவையுங்கள். பிறகு முழுமையான ஐந்து வரிகளில் மட்டும் சொற்களை எண்ணட்டும். 6, 7, 5, 7, 5 என்று வந்தால் கூடுதல் 30; வரிக்குச் சராசரி 6. பக்கத்தில் 28 வரிகள் எனில் 28 × 6 = 168. பத்தி முடியும் வரிகள் பாதியில் நின்றுவிடும். அப்படி 4 வரிகள் இருந்தால், வரிக்கு 3 வீதம் 12 சொற்களைக் கழிக்க 156. 'ஏறத்தாழ 160' என்றால் போதும். படத்தை ஒட்டிய குறுகிய வரிகள் இருந்தால் அவற்றைத் தனியே மதிப்பிட வேண்டும்.

எது ஒரு சொல் என்பதையும் முன்பே பேசிவிட வேண்டும். இடைவெளி விட்டு நிற்பதை ஒரு சொல்லாகக் கொள்ளலாம். 'வரமாட்டேன்' நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல நான்கு சொற்கள் வேண்டும். ஆகவே ஆங்கிலப் பக்கத்துக்குச் சொல்லும் எண்ணிக்கை தமிழுக்குப் பொருந்தாது.

திருக்குறளையும் எடுத்துக்கொள்ளலாம். குறளுக்கு 7 சீர். அதிகாரத்துக்கு 10 குறள். பக்கத்துக்கு ஓர் அதிகாரம் என்றால் 70 சீர்கள். 133 அதிகாரங்களுக்கு 9,310. பெருக்கத் தெரிந்த பிள்ளை நூல் முழுவதையும் எண்ணிவிடும்! சீர் வேறு, சொல் வேறு. ஒரே சொல் இரு சீராகப் பிரிவதும் உண்டு என்பதை அங்கேயே விளக்கிவிடலாம்.

இதன் பயன் வகுப்பறையிலேயே தெரியும். நிமிடத்துக்கு 40 சொற்கள் படிக்கும் குழந்தைக்கு 160 சொற்கள் உள்ள பக்கத்துக்கு 4 நிமிடங்கள் வேண்டும். இரண்டு நிமிடத்தில் "படிச்சாச்சா?" என்று கேட்டால், பாதியில் நிற்கும் குழந்தை தனக்குப் படிக்க வராது என்று முடிவு செய்துவிடும்.

தன் கையெழுத்தில் வரிக்கு எத்தனை சொற்கள் வரும் என்று ஒவ்வொரு மாணவரும் ஒருமுறை எண்ணி வைத்துக்கொள்ளட்டும். தேர்வறையில் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நாமும் இனி 'ஒரு பக்க அளவில்' என்பதை விடுத்து, 'ஏறத்தாழ 80 சொற்களில்' என்று கேட்போம்.