பட்டியலிலிருந்து ஒரு கருவியை நீக்கும்போது

(ஆய்வகப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



கருவிகளை எப்படிப் பொருத்துவது என்று நமக்குப் பலமுறை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கழற்றி எடுத்த பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இன்று அதைப் பார்ப்போம்.

கணினி, பிரிண்டர், சுவிட்ச், வைஃபை கருவி என்று வலையமைப்பில் சேர்த்த ஒவ்வொன்றையும் மேலாண்மை மென்பொருள் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. நாம் வருகைப் பதிவு எடுப்பதுபோலச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் கூப்பிட்டுப் பார்க்கிறது. இதற்கென எஸ்.என்.எம்.பி. என்ற பொது நெறிமுறை 1988 முதல் இருக்கிறது. பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு.

பழுதாகி மூலையில் அடுக்கிவிட்ட கணினியின் பெயர் பட்டியலில் இருந்தால் அதுவும் சிவப்புதான். இருபது கருவிகளில் ஆறு எந்நாளும் சிவப்பாகவே இருந்தால் அந்தத் திரையை யார் பார்ப்பார்கள்? ஏழாவதாக ஒன்று சிவக்கும்போது, அது நாளைய மதிப்பீட்டுக்கு வினாத்தாள் இறக்க வேண்டிய கணினியாகவே இருந்தாலும், நம் கண்ணில் படாது.

அப்படியானால் ஆறையும் அழித்துவிடலாமே என்று தோன்றும். பொறுங்கள். ஒரு மாணவன் நான்கு நாள் வரவில்லை என்றால் பெயரை அடித்துவிடுகிறோமா? காய்ச்சலா, வெளியூரா, வேறு பள்ளியா என்று விசாரிக்கிறோம். கருவிக்கும் அதே விசாரணை வேண்டும்.

பழுதுபார்க்கப் போயிருந்தால் நீக்க வேண்டியதில்லை. கோடை விடுமுறையில் ஆய்வகம் பூட்டியிருந்தாலும் அப்படித்தான். கண்காணிப்பை மட்டும் நிறுத்திவைக்கும் வசதி பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு.

வேறு பள்ளிக்கு மாற்றினால் கட்டாயம் விடுவிக்க வேண்டும். எமிஸ் தளத்தில் நாம் மாணவனைப் பொதுத் தொகுப்புக்கு அனுப்பினால்தானே அடுத்த பள்ளி சேர்க்க முடியும்? நிறுவனத்தின் பெயரில் பதிவாகும் டேப்லெட்டுகளும் சிலவகை வைஃபை கருவிகளும் அதேபோலத்தான். இங்கே விடுவிக்காமல் கொடுத்தால், வாங்கிய பள்ளியில் அது வெறும் பலகை.

தொலைந்துபோன டேப்லெட்தான் மிகவும் கவனிக்க வேண்டியது. "இல்லாத பொருள் பட்டியலில் எதற்கு?" என்று உடனே நீக்கிவிடத் தோன்றும். செய்யாதீர்கள். அது பட்டியலில் இருக்கும்வரைதான், எங்கிருந்து இணையத்தில் சேர்ந்தாலும், அதைப் பூட்டவோ உள்ளே இருப்பதை அழிக்கவோ நாம் கட்டளை அனுப்ப முடியும். பெயரை எடுத்துவிட்டால் அந்தப் பிடி போய்விடும். மாணவர்களின் படங்கள், பெற்றோரின் கைப்பேசி எண்கள், மதிப்பெண்கள் எல்லாம் யாரோ ஒருவர் கையில் இருக்கும். முதலில் பூட்டுங்கள், தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுங்கள், அழிக்கும் கட்டளை நிறைவேறியதா என்று பாருங்கள். பெயரை நீக்குவது கடைசி வேலை. அதற்கு மாதங்கள் ஆனாலும் பரவாயில்லை.

கழிவு செய்யும் கருவிக்கும் இதே வரிசைதான். கணினியில் கோப்புகளை அழித்தால் மட்டும் போதாது, அவற்றை மீட்டெடுக்க முடியும். வட்டை முழுமையாகத் துடைக்க வேண்டும். வைஃபை கருவியை யாரும் பொருட்படுத்துவதில்லை. பள்ளியின் கடவுச்சொல் அதற்குள்ளேயே இருக்கும். பெரும்பாலான கருவிகளில், ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளையில் இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் பழைய அமைப்புகள் போய்விடும். பிறகு அது பழைய இரும்புக் கடைக்குப் போகக் கூடாது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வேண்டும்.

நீக்கும்போது எதை வைத்து அடையாளம் காண்பது? ஐ.பி. முகவரி வகுப்பு வரிசை எண் மாதிரி, இன்று ஒருவருக்கு, நாளை வேறொருவருக்கு. சீரியல் எண்தான் சேர்க்கை எண். கருவியின் பின்புறம் ஒட்டியிருப்பதைப் பார்த்து, இருப்புப் பதிவேட்டில் உள்ளதோடு ஒப்பிட்டபின் பொத்தானில் கை வையுங்கள். பல மென்பொருள்களில் கருவியை நீக்கினால் அதன் பழைய பதிவுகளும் சேர்ந்தே போய்விடும். தணிக்கையில் கேட்பார்கள். முன்னதாக அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். (நம் சேர்க்கை நீக்கல் பதிவேட்டை வடிவமைத்தவர் இந்த மென்பொருள்களையும் வடிவமைத்திருக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு. அதில் பெயர் நீங்கும், வரலாறு நீங்காது.)

நீக்கிய மறுநாள் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். மென்பொருள் புதிய கருவிகளைத் தானே தேடிச் சேர்க்கும் வகையாக இருந்தால், கேபிள் கழற்றாத கருவி மறுபடி வந்து உட்கார்ந்திருக்கும். அப்படி வந்தால் மென்பொருளைத் திட்டாமல் எழுந்து போய்ச் சுவிட்சைப் பாருங்கள்.

மதியம் ஆய்வகத்தில் செய்து பார்ப்போம். உங்கள் பள்ளி இருப்புப் பதிவேட்டின் நகலைக் கையோடு எடுத்து வாருங்கள்.