பேசி வைத்துக்கொண்டு ஆடுவது

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"என்ஜினீயர், ஏதாவது பயனுள்ளதாகப் பேசுங்கள்" என்றார் செயலாளர். நான் சீட்டாட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். காசு வைத்து ஆடுவதைப் பற்றி அல்ல. அதனால் பேராசிரியர்கள் பயப்பட வேண்டாம்.

ஹாஸ்டலில் நாங்கள் ஆடியது இருபத்தெட்டு. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. பாவம், ராஜாவுக்கும் ராணிக்கும் ஒன்றுமே கிடையாது. எதிர் எதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடி. பதினாலில் தொடங்கி ஏலம் கேட்க வேண்டும். என் ஜோடி என் ரூம்மேட்தான். அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து முறைக்கிறான். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. காதைத் தொட்டால் ஜாக்கி, மூக்கைச் சொறிந்தால் ஒன்பது. இதைக் குற்றமாக நாங்கள் நினைத்ததே இல்லை. கண்டுபிடிக்காமல் விட்டது எதிராளியின் தப்பு, அவ்வளவுதான். நம் ஊர்ப்பக்கம் கண்மாய் மீன் ஏலத்தையும் புளியமர ஏலத்தையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஏலம் என்றாலே முதல் நாள் ராத்திரி டீக்கடையில் பேசி முடிப்பதுதானே!

2018-ல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் பிரிட்ஜ் ஆட்டத்தை முதல் முறையாகச் சேர்த்தார்கள். ஆண்கள் ஜோடிப் பிரிவில் மேற்கு வங்கத்தின் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் தங்கம் வாங்கினார்கள். ஒருவருக்கு வயது 60, இன்னொருவருக்கு 56. அன்று ராத்திரி என் ரூம்மேட் போன் பண்ணினான். "மாப்ள, சீட்டாட்டத்துக்குத் தங்கமாம்! நமக்கு இன்னும் வயசிருக்குடா." அப்படித்தான் ஆரம்பித்தோம். ஆளுக்கொரு புத்தகம் வாங்கி, ஆளுக்கொரு ஊரில் தனித்தனியாகப் படித்தோம். தப்பு அங்கேதான் நடந்தது.

பிரிட்ஜில் 52 சீட்டு, ஆளுக்கு 13. கையில் இருப்பதை ஜோடிக்குத் தெரிவிக்க ஏலமும் இறக்கும் சீட்டும்தான் வழி. காது, மூக்கு எதுவும் கூடாது. 1965-ல் புவெனஸ் ஐரிஸ் உலகப் போட்டியில், சீட்டைப் பிடித்த விரல்களால் சைகை காட்டியதாக இங்கிலாந்தின் ரீஸ், ஷாபிரோ ஜோடி மீது புகார் எழுந்து உலகமே அல்லோலகல்லோலப்பட்டது. உலகச் சங்கம் குற்றம் என்றது. 1966-ல் லண்டன் விசாரணை நிரூபணமாகவில்லை என்றது.

ஆக மொத்தம் 35 கேள்வி. அதோடு பாஸ், டபுள், ரீடபுள். இந்த 38 சொல்லுக்குள்தான் நீங்கள் பேச வேண்டும். எதிராளி சும்மா இருந்தால் நிதானமாகப் பேசலாம். அவன் சும்மா இருக்க மாட்டான். அருப்புக்கோட்டையில் திருச்சுழி பஸ் நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவார்களே, அந்த மாதிரி நடுவில் ஒரு கேள்வியைப் போட்டு நம் இடத்தைப் பிடித்துக்கொள்வான். நாம் சொல்ல வைத்திருந்த சொல் அப்புறம் கிடைக்காது.

2019-ல் ஒரு ஊரில் ஜோடிப் போட்டி. ரூம்மேட் 'ஒரு டைமன்' என்று தொடங்கினான். என் கையில் நாலு ஸ்பேடு, சுமாரான பலம். 'ஒரு ஸ்பேடு' சொல்ல வாயெடுக்குமுன் வலப்பக்கத்துக்காரர் 'இரண்டு ஹார்ட்' என்றார். துண்டு விழுந்துவிட்டது! இனி நான் 'இரண்டு ஸ்பேடு' சொன்னால் ஐந்து சீட்டு இருப்பதாக அர்த்தம். டபுள் சொன்னேன்.

பழைய அர்த்தத்தில் டபுள் என்றால், 'உன்னால் முடியாது, தோற்றால் அபராதம் கூடுதலாகக் கட்டு' என்பது. 1957-ல் அமெரிக்காவின் ஆல்வின் ராத், இந்த மாதிரி இடத்தில் அதற்கு வேறு அர்த்தம் கொடுத்தார்: 'யாரும் சொல்லாத ஜாதி என்னிடம் இருக்கிறது, நீ தேர்ந்தெடு.' ரஷ்யா செயற்கைக்கோள் விட்ட வருஷம் என்பதால் அதற்கு ஸ்புட்னிக் டபுள் என்றே பெயர். என் புத்தகத்தில் அது இருந்தது.

அடுத்துச் சொல்ல வேண்டிய பெரியவர், முறைப்படி, டபுள் சொன்ன என்னிடம் கேட்காமல் என் ஜோடியிடம் கேட்டார். "இந்த டபுளுக்கு என்ன அர்த்தம் தம்பி?"

"அபராத டபுள் சார். ஹார்ட் பலமா வச்சிருக்கான்."

எனக்கு மூச்சே நின்றுவிட்டது. ஜோடி தப்பாக விளக்கினால், தடுத்து ஆடும் பக்கத்துக்காரன் ஆட்டம் முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். முகத்திலும் காட்டக் கூடாது. பெரியவர் பாஸ். இவனும் பாஸ். அவர்கள் எட்டுப் பிடியும் எடுத்து 470 வாங்கினார்கள். எங்களுக்கு நாலு ஸ்பேடில் 420 இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் எழுந்து, "அவர் சொன்னது தப்பு, எங்கள் ஒப்பந்தம் வேறு" என்றேன். அவன் சீட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "எப்படா பேசினோம்?"

நாங்கள் பேசவே இல்லை. அதுதான் உண்மை. இல்லாத ஒப்பந்தத்தை இருக்கிறது என்று பத்துப் பேர் முன்னால் சொல்லி, அவனை மறதிக்காரன் ஆக்கிவிட்டேன். வேலையில் தினமும் இதற்குத்தான் சண்டை போடுகிறேன்: டிராயிங்கில் 'வழக்கப்படி' என்று எழுதாதே, சைட்டில் ஆளுக்கொரு வழக்கம் இருக்கும் என்று! ஏழு மாதம் அவன் என்னோடு பேசவில்லை. அவன் தங்கச்சி கல்யாணப் பத்திரிகை தபாலில்தான் வந்தது.

அடுத்த வருஷம் ஊருக்கு வந்திருந்தபோது நானே அவன் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினோம். எதிராளி மூன்று ஸ்பேடு வரை போனால் டபுள் ஸ்புட்னிக். அதற்கு மேலே அபராதம். நம் தொடக்கத்தை எதிராளி டபுள் பண்ணினால் ரீடபுள், பத்துப் புள்ளிக்கு மேல். இப்படி ஒவ்வொன்றாக. "மாப்ள, இதை அவங்ககிட்டயும் காட்டணுமா?" என்று கேட்டான். காட்டணும். பிரிட்ஜில் பேசி வைத்துக்கொள்வது தப்பே இல்லை, மறைத்து வைப்பதுதான் தப்பு. காதைத் தொட்டு வளர்ந்த எங்களுக்கு இது ஜீரணமாக ரொம்ப நாளாச்சு.

நோட்டில் இன்னும் ஒரு பக்கம் காலி. நாம் 'ஒரு நோட்ரம்ப்' தொடங்கி, எதிராளி இடையில் புகுந்தால் நம் டபுளுக்கு என்ன அர்த்தம்? அவன் ஒன்று சொல்கிறான், நான் ஒன்று சொல்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஹாஸ்டல் வராண்டாவில் உட்காருவதாக இருக்கிறோம். எதிர் ஜோடிக்கு இரண்டு ஆள் குறைகிறது. வருகிறவர்கள் அரை மணி நேரம் முன்னதாக வந்து, முதலில் தங்களுக்குள் பேசிக்கொள்ளவும். எங்கள் நோட்டு மேசை மேலேயே இருக்கும்.