ஊர் அங்கே, ஓட்டு எங்கே?



எங்கள் ஊர் வாசுதேவநல்லூர். தமிழகத்தின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் 220ஆவது. பட்டியலினத்தவருக்கான தனித் தொகுதி. முன்பு திருநெல்வேலி மாவட்டம், 2019 முதல் தென்காசி மாவட்டம். எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி, சிவகிரி, ராயகிரி எல்லாம் இதற்குள்தான். பூலித்தேவரின் நெற்கட்டும்செவலும் பக்கம்தான். மேற்குமலைத் தண்ணீரை நம்பித்தான் குளமும் வயலும். செண்பகவல்லி அணைக்கட்டைச் சீர்செய்யச் சொல்லி விவசாயிகள் பல்லாண்டுகளாகப் போராடுகிறார்கள்.

இதை இங்கே ஏன் சொல்கிறேன்? நம் குடியிருப்பில் சிலர் பெயர் இன்னும் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலில்தான் இருக்கிறது. கேட்டால், "ஊரில் வீடு இருக்கிறதே" என்கிறார்கள்.

1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அதை ஏற்பதில்லை. 20ஆவது பிரிவின்படி, வீடு சொந்தமாக இருப்பது மட்டும் போதாது. வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும். இரண்டு தொகுதிகளில் இருக்கக் கூடாது என்கிறது 17ஆவது பிரிவு.

வங்கிக் கணக்கைக் கிளை மாற்றுவது போலத்தான் இதுவும். இருப்பு குறையாது, கிளைதான் மாறும். படிவம் 8 கொடுத்தால் போதும்.

குளம் பெருகுவதும் வறள்வதும் அங்கே இருப்பவர் பாடு, அவர் தீர்மானிக்கட்டும். இங்கே சாக்கடையும் பேருந்து நிறுத்தமும் நம் பாடு. அதை நாம் கேட்க வேண்டாமா?

ஊர்ப்பாசத்தை விடச் சொல்லவில்லை. கோயில் கொடைக்குப் போங்கள், வரி கொடுங்கள். ஓட்டு மட்டும் உண்டு உறங்கும் இடத்தில் இருக்கட்டும்.