வலிக்கும் மருந்துக்கும் நடுவில்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



அமெரிக்காவில் இளம் வைத்தியர்களுக்கு நான் இரண்டு பாடங்களைச் சேர்த்துக் கற்பிக்கிறேன். ஒன்று, வலியைத் தணிப்பது. மற்றையது, வலி மருந்துக்கு அடிமையானவருக்குச் சிகிச்சை அளிப்பது. இரண்டும் மோர்பினையும் அதன் இனத்து மருந்துகளையும் பற்றியவை. ஒன்றை விட்டு மற்றதை மட்டும் படித்தால் என்ன நடக்கும் என்பதை அந்த நாடு கண்டது.

1980இல் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் ஐந்து வசனக் கடிதமொன்று வெளியானது. வைத்தியசாலையில் இம்மருந்துகளைப் பெற்ற 11,882 பேரில் நால்வரே அடிமையாயினர் என்றது. அந்தக் கணக்கையே, வீட்டில் மாதக்கணக்காகக் குளிசை எடுப்பவர்களுக்கும் பொருத்திக் காட்டினார்கள். வைத்தியர்கள் பலர் நம்பினார்கள். முதுகு நோவுக்கும் பல் பிடுங்கியதற்கும் தாராளமாக எழுதினார்கள். எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் இறந்தார்கள்.

அடிமையானவரை மீட்கும் புப்ரெனோர்பின் 2002இல் அனுமதிக்கப்பட்டது. அதில் தொடர்ந்து இருப்பவர்களின் மரண ஆபத்து ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. ஆனால், அதை எழுத வைத்தியர்கள் பொதுவாக 8 மணிநேரம் படித்துத் தனி அனுமதி பெறவேண்டியிருந்தது. அடிமையாக்கக்கூடிய குளிசைக்கோ அந்தத் தனி அனுமதி வேண்டியதில்லை! 2022 டிசெம்பரிலேயே அவ்விதி நீங்கியது. 2023 ஜூன் முதல், இவ்வகை மருந்துகளை எழுதப் பதிவுபெறும் வைத்தியர் எல்லோருக்கும் அந்த 8 மணிநேரக் கல்வி கட்டாயமாயிற்று.

எங்கள் பக்கத்திலோ பயம் வேறு. "அம்மாவுக்கு மோர்பின் குடுக்கச் சொல்லுகினம், குடுக்கலாமோ? பழகிப்போவாவே?" என்று தோழிகள் தொலைபேசியில் கேட்பதுண்டு. புற்றுநோயின் கடும் வலிக்கு, தகுந்த அளவில், வைத்தியரின் கண்காணிப்பில் கொடுக்கலாம். அது ஆயுளைக் குறைப்பதில்லை. உடல் மருந்துக்குப் பழகுவது வேறு; கேடு தெரிந்தும் விடமுடியாமல் தேடுவது வேறு. முன்னதை அடிமைத்தனம் என்று சொல்வதில்லை. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேளுங்கள். திடீரென நிறுத்தாதீர்கள்.

1967இல் லண்டனில் சென் கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ், தாதியாயிருந்து பின்னர் வைத்தியரானவர். நோயாளி வலியால் துடிக்கும்வரை காத்திராமல், நேரந்தவறாமல் மருந்து கொடுக்கவேண்டும் என்று கற்பித்தார். நோயாளி சொல்வதை உட்கார்ந்து கேட்கவேண்டும் என்றும் கற்பித்தார்.

என் மாணவர்களுக்கு நான் முதலில் கற்பிப்பதும் அதுதான். "எங்கே நோகிறது? இரவில் நித்திரை வருகிறதா? வீட்டில் வேறென்ன குளிசை இருக்கிறது?" என்று கேட்டு, பதில் முடியும்வரை பொறுத்திருப்பது. மருந்தின் அளவைப் புத்தகத்தில் பார்க்கலாம். இதைப் பழகித்தான் பெறவேண்டும்.

தோழியரே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். வீட்டில் நோயுற்றவரிடம் "பொறுத்துக்கொள்ளுங்கோ" என்று மட்டும் சொல்லி விடாதீர்கள். அவர் வலியை வைத்தியரிடம் எடுத்துச் சொல்லுங்கள். போதைக்கு அடிமையான பிள்ளை இருந்தால், ஊர் என்ன சொல்லுமோ என்று ஒளித்துவைக்காதீர்கள். அதுவும் ஒரு நோய். அதற்கும் வைத்தியம் உண்டு.

நூற்றாண்டு காணும் எம் கல்லூரி அன்னை வாழ்க.