நெய்தவர் பெயர் எங்கே?



பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் பேச வந்தால் பாடத்தைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் கைலியைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள்! அதுவும் பாடம்தான்.

கட்டம் போட்ட கைலியை மலாய்க்காரர்கள் 'காயின் பெலிக்காட்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பெலிக்காட் என்பது ஓர் ஊர். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் ஏரிக்கரையில் இருக்கும் நம் பழவேற்காடுதான் அது. புக்கிட் மெலாவத்திக் கோட்டையை 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? அதே டச்சுக் கம்பெனிதான் 1613 முதல் பழவேற்காட்டில் கோட்டை வைத்திருந்தது. சோழமண்டலக் கரையில் கைத்தறியில் நெய்த துணியைக் கப்பலேற்றி இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். அந்தத் துணியைக் கொடுத்து மிளகும் ஜாதிக்காயும் வாங்கினார்கள்.

இன்று கைலியை எங்கெங்கோ ஆலையில் நெய்கிறார்கள். ஆனாலும் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. சரி, நெய்தவர் பெயர்?

இன்னொன்றும் கேளுங்கள். 1866-இல் லண்டனில் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளைத் துண்டு துண்டாக வெட்டி, 700 மாதிரிகளை 18 தொகுதிகளில் ஒட்டி வைத்தார். இப்படி 20 செட்டு. துணியின் ஊர், நீளம், அகலம், எடை, விலை எல்லாம் எழுதினார்கள். எதற்கு? இங்கிலாந்து ஆலைக்காரர்கள் அதைப் பார்த்து, அதே மாதிரி நெய்து, இந்தியாவிலேயே விற்பதற்கு! அந்தத் தொகுதிகள் இன்று அருங்காட்சியகச் செல்வம். விலையைக்கூட எழுதியவர்கள் நெய்தவர் பெயரை எழுதவில்லை.

பெற்றோர்களே, இதே குறை நம் வீட்டிலும் நடக்கலாமா? ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது. எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் காலியாயின. வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது எது? பாட்டி பின்னிய கூடை, புடைத்த முறம், ஓலைப்பெட்டி. பிளாஸ்டிக் கூடை இருக்கிறதே, இது எதுக்கு என்கிறோம். பொருள் போனால் அதன் பெயரும் போகிறது, பின்னத் தெரிந்த விரலும் போகிறது.

நம் சிலாங்கூரில் கேரித் தீவிலே மா மெரி பூர்வகுடிப் பெண்கள் மெங்குவாங் ஓலையில் பாயும் கூடையும் பின்னுகிறார்கள். பழவேற்காட்டிலும் பெண்கள் பனையோலைப் பெட்டி பின்னுகிறார்கள். தாய் மகளுக்குச் சொல்லிக் கொடுத்ததால்தான் இந்த வேலை நிலைத்திருக்கிறது.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். பாட்டியிடமோ தாத்தாவிடமோ போய் உட்காருங்கள். வீட்டிலுள்ள பழைய சேலை, பாய், கூடை ஏதாவது ஒன்றைக் காட்டி நாலு கேள்வி கேளுங்கள்: இதுக்குப் பெயர் என்ன? யார் செய்தது? எந்த ஊர்? எதுக்குப் பயன்பட்டது? பதிலை ஓர் அட்டையில் எழுதிப் பொருளோடு கட்டி வையுங்கள். அருங்காட்சியகத்திலும் முதல் வேலை இதுதான்.

தாய்மார்களே, பழைய சேலையை ஆணியில் மாட்டாதீர்கள். வெயில் பட்டால் சாயம் போகும். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் நம்ம ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும். துவைத்துக் காயவைத்த பழைய வேட்டியில் சுருட்டி, அவ்வப்போது காற்றாட விடுங்கள்.

கோலாலம்பூரில் மெர்டேக்கா சதுக்கத்துக்குப் பக்கத்தில், பழைய ரயில்வே கட்டடத்தில், 2010-இல் தேசிய ஜவுளி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அப்படிப்பட்ட இடங்களில் நம் பொருள்களும் ஒருநாள் இடம்பெறலாம். அப்போது பக்கத்திலே வெறும் 'கூடை' என்று மட்டும் இருக்கக் கூடாது. அதைப் பின்னிய உங்கள் பாட்டியின் பெயரும் இருக்க வேண்டும். அதை எழுதக்கூடியவர்கள் நீங்கள்தான்; பாட்டி இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.